நைஸ்: ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கடை வைத்திருப்பவர்கள், நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிறவர்கள், போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள், வீட்டில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வந்த அம்மாக்கள் என்று எல்லாரும் வருவார்கள். இலக்கணத்தில் ஆளுக்கொரு சந்தேகம். ஆனால் 'நைஸ்' என்ற சொல்லில் மட்டும் வருடம் தவறாமல் அதே சந்தேகங்கள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் போட்டிருக்கிறேன்.

நைஸ்னா நல்லதுன்னு அர்த்தம். இதுல கேக்க என்ன சார் இருக்கு?

இன்றைய பேச்சில் பெரும்பாலும் அவ்வளவுதான். சாப்பாடு நைஸ், வீடு நைஸ், பக்கத்து வீட்டு அம்மா நைஸ். பொருளைச் சொன்னால் 'பிடித்திருக்கிறது', ஆளைச் சொன்னால் 'அன்பாகப் பழகுகிறவர்'. இந்த இரண்டை வைத்துக்கொண்டே ஆயுசு முழுக்க ஆங்கிலம் பேசிவிடலாம்.

பழைய நாடகம், வக்கீல்கள் எழுதுவது, தேர்வுத் தாள் என்று போகும்போதுதான் கால் இடறும். அங்கே இதே சொல் நுட்பமானது, அற்பமானது, வீண் பிகு செய்வது என்றெல்லாம் நிற்கும். தெரிந்த சொல்தானே என்று அகராதியைத் திறக்காமல் தாண்டிவிடுவோம், அங்கேதான் மார்க் போகும்.

நைஸுக்கு முதல்ல முட்டாள்னுதான் அர்த்தமாமே? வாட்ஸப்புல வந்துச்சு, நெசமா?

நிஜம். வாட்ஸப்பில் வரும் சொல்லாராய்ச்சியில் அபூர்வமாகத் தேறுகிற ஒன்று. லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் தெரியாதவன். 'ஸ்கிரே' என்பது அறிதல், முன்னால் நிற்கும் 'நெ' அதை மறுக்கிறது. பழைய பிரெஞ்சில் அது தேய்ந்து 'நீஸ்' போல ஒலித்தது, அசடு, பேதை என்று பொருள்பட்டது. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் மூட்டை மூட்டையாக அங்கே இறங்கின. அவற்றில் ஒன்றாக 1300 வாக்கில் இதுவும் ஆங்கிலத்தில் தென்படுகிறது. 14-ஆம் நூற்றாண்டில், ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில், ஒருவனை நைஸ் என்றால் அவனுக்கு ஒரு சுற்று குறைவு என்று பொருள்.

அதே லத்தீன் தாய்க்குப் பிறந்த இன்னொரு பிள்ளை ஸ்பானிய மொழியில் இருக்கிறது: 'நெசியோ'. அது வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. இன்றும் அங்கே அது வசவுதான்.

முட்டாள் எப்படி நல்லவன் ஆனான்? நடுவுல என்னதான் நடந்துச்சு?

ஒரே தாவலில் ஆகவில்லை. படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நகர்ந்தது. ஒன்றும் தெரியாத பிள்ளை வந்தவர் முன்னால் கூச்சப்பட்டு நிற்கும், ஆகவே 'கூச்சமுள்ள' என்ற பொருள் வந்தது. கூச்சத்துக்கு அடுத்த வீடு பிகு. இதைச் சாப்பிட மாட்டேன், அதை உடுத்த மாட்டேன் என்று ஆயிரம் நொட்டை சொல்கிறவரை நைஸ் என்றார்கள். இதுவரை எல்லாம் ஏச்சுதான்.

திருப்பம் அடுத்த படியில் வருகிறது. நொட்டை சொல்லவும் ஒரு கண் வேண்டுமே? ஒரு நெசவுக்கும் இன்னொரு நெசவுக்கும் உள்ள இழை வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்தவர்தான் குறை சொல்ல முடியும். அப்படி 16-ஆம் நூற்றாண்டில் 'நுணுக்கமாகப் பிரித்தறிகிற', 'துல்லியமான' என்ற பொருள்கள் ஊன்றிக்கொண்டன. முதலில் பார்க்கிற ஆளுக்குச் சொன்னார்கள், அப்புறம் பார்க்கப்படுகிற பொருளுக்கும் சொன்னார்கள். நுட்பமான கண், நுட்பமான வேலைப்பாடு, இரண்டும் நைஸ். 1755-இல் சாமுவேல் ஜான்சன் போட்ட அகராதியில் இந்தத் துல்லியம்தான் முன்னால் நிற்கிறது.

நுட்பமான வேலைப்பாடு கண்ணுக்கு இதமாக இருக்கும் அல்லவா? 18-ஆம் நூற்றாண்டில் 'இனிமையான' என்ற பொருள் பரவியது இப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டில் அது மனிதர்களுக்கும் ஏறி 'அன்பான' ஆனது. ஒன்று சொல்ல வேண்டும்: புதுப் பொருள் வந்ததும் பழையது மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் நாலைந்து பொருள் ஒரே நேரத்தில் புழங்கின. ஒரு குறிப்பிட்ட வரியில் எது என்று அறிஞர்களே மல்லுக்கட்டுகிறார்கள். அதனால் உங்களுக்குக் குழம்பினால் வெட்கப்பட வேண்டாம்.

தேர்வுல 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்'னு வந்துச்சு. அழகான வேறுபாடுன்னு போட்டேன், தப்புன்னுட்டாங்க. ஏன்?

அது நுட்பமான வேறுபாடு. மேலே சொன்ன துல்லியப் படியில் நின்றுவிட்ட பயன்பாடு இது. சட்டத்தில் 'எ நைஸ் பாயிண்ட்' என்றால் இரு பக்கமும் வாதாட இடம் தருகிற, மயிரிழையில் தீர்மானிக்க வேண்டிய விஷயம். நீதிபதி அப்படிச் சொன்னால் வக்கீலைத் தட்டிக்கொடுக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள்.

பெயர்ச்சொல்லாக்கும்போது ஆங்கிலமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. 'நைஸ்னெஸ்' என்றால் இனிமை, நல்ல குணம். 'நைசிட்டி' என்றால் நுணுக்கம். தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஜோடியை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ரோமியோ ஜூலியட்ல பாதிரியார் தன் கடிதத்தையே 'நைஸ் இல்லை'ங்கிறாரே, அவர்தானே எழுதினார்?

இது கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஜூலியட் உண்மையில் சாகவில்லை என்று ரோமியோவுக்குச் சொல்லத்தான் லாரன்ஸ் பாதிரியார் கடிதம் அனுப்புகிறார். கொண்டுபோன ஜான் பாதிரியாரைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கடிதம் போய்ச் சேரவில்லை. அதைக் கேட்டுப் பதறிப்போய் லாரன்ஸ் சொல்லும் வார்த்தை அது. அங்கே நைஸ் என்றால் அற்பமான. 'அது ஏதோ சில்லறைக் கடிதம் இல்லையப்பா' என்கிறார். அதே நாடகத்தில் மூன்றாம் அங்கத்திலும் ஒரு சண்டையை நைஸ் என்கிறார்கள். அங்கேயும் ஒன்றுமில்லாத காரணத்துக்கு வந்த சண்டை என்றுதான் பொருள்.

இன்னொரு வேடிக்கை. 1815 ஜூன் 18-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன், மறுநாள் பிரசல்ஸில் தாமஸ் கிரீவி என்பவரிடம் அந்தப் போரை நைஸ் என்று சொன்னதாகக் கிரீவி எழுதி வைத்திருக்கிறார். பல்லாயிரம் பேர் விழுந்து கிடந்த களத்தை இனிமையானது என்று அவர் சொல்லவில்லை. ஒரு நூலிழை இப்படியோ அப்படியோ போயிருந்தால் கதையே மாறியிருக்கும் என்கிறார். வக்கீலின் 'நைஸ் பாயிண்ட்' இருக்கிறதே, அதே நைஸ்.

என் பொண்ணு கட்டுரையில நைஸ்னு எழுதினா டீச்சர் அடிச்சுடறாங்க. அகராதியில இருக்கற வார்த்தைதானே?

இருக்கிறதுதான். ஆசிரியருக்குக் கோபம் வேறு. எதற்கு வேண்டுமானாலும் ஒட்டுகிற சொல் எதையும் சொல்வதில்லை. மழை நைஸ், மாமா நைஸ், மைசூர் நைஸ் என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் மழையும் விழாது, மாமாவும் தெரிய மாட்டார்.

இந்தக் குறை இன்று நேற்று வந்ததல்ல. ஜேன் ஆஸ்டின் எழுதி, அவர் இறந்த பிறகு 1817 கடைசியில் வெளிவந்த 'நார்தாங்கர் அபே' நாவலில் ஹென்றி டில்னி என்பவன் கேத்தரினை இதற்காகவே கேலி செய்கிறான். அவள் ஒரு புத்தகத்தை நைஸ் என்கிறாள். 'ஓ, பைண்டிங் நேர்த்தியாக இருக்கிறது என்கிறாயா?' என்று கேட்கிறான். அவன் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவள் புதுப் பொருளில் பேசுகிறாள். அவன் படித்தவன்தான், ஆனால் ஊர் அவள் பக்கம் போய்விட்டது. என்னைக் கேட்டால், பெண்ணின் கட்டுரையில் நைஸ் வரும் இடத்திலெல்லாம் 'எதனால்?' என்று அவளையே கேளுங்கள். அவள் சொல்லும் பதிலைத்தான் எழுத வேண்டும்.

எங்க லண்டன் மேனேஜர் என்ன அனுப்பினாலும் 'நைஸ்'னு ஒரே வார்த்தை போடறார். பாராட்டா, நக்கலா?

எழுத்தில் பார்த்துச் சொல்வது கஷ்டம். பெரும்பாலும் சாதாரணப் பாராட்டு, 'சரி, நல்லா இருக்கு' அளவுக்கு. அதற்காக இனிப்பு வாங்கி வைக்க வேண்டாம், ராஜினாமாவும் எழுத வேண்டாம். ஆனால் 'நைஸ் ட்ரை' என்று வந்தால் முயற்சி தோற்றது என்று பொருள். ஏதாவது சொதப்பிய பிறகு 'நைஸ்' என்று வந்தால் அது நக்கல்தான்.

தமிழில் 'நல்லா' என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் இதெல்லாம் சுலபமாகப் பிடிபடும். 'நல்லா மாட்டிக்கிட்டோம்' என்கிறோம், 'நல்லா இருக்குடா உன் நியாயம்' என்கிறோம். 'நல்லா சூடா ஒரு காபி' என்கிறோமே, அங்கே நல்லா என்பது சூட்டைக் கூட்டிக் காட்டுவது. ஆங்கிலத்தில் 'நைஸ் அண்ட் வார்ம்' என்பது அச்சு அசல் அதேதான்.

நைஸ், குட், கைண்ட், மூணும் ஒண்ணுதானே?

இல்லை. நைஸ் என்பது பழக இதமானவர். கைண்ட் என்பது பிறருக்கு உதவும் இரக்கம் உள்ளவர். குட் என்பது குணத்தைப் பற்றிய தீர்ப்பு. சிரித்துப் பேசிக்கொண்டே கடனைத் திருப்பாதவர் நைஸ், முறைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டுகிறவர் கைண்ட்.

அண்ணே, 'மாவு நைஸா அரைக்கணும்'ங்கிறோமே, அது இந்த நைஸ்தானா, வேற நைஸா?

இதே நைஸ்தான். கேட்டவர் மாவு மில் வைத்திருக்கிறவர், அவருக்கு இது தொழில் கேள்வி. சட்னி கொரகொரவென்று இருக்கக் கூடாது, நைஸாக வேண்டும். வேட்டித் துணி நைஸாக இருக்கிறது, அதாவது சன்னமாக, வழவழவென்று. இங்கேயெல்லாம் நைஸ் என்றால் நல்லது அல்ல. அடைக்கு மாவு நைஸாகப் போய்விட்டால் மாமியாரிடம் பேச்சு வாங்க வேண்டும்.

எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. ஆங்கிலேயர்கள் வாயில் இந்தச் சொல் தேய்ந்து வெறும் 'பிடித்திருக்கிறது' ஆகிவிட்டது. நம் அடுப்படியில் அது மென்மை, நுண்மை என்று 16-ஆம் நூற்றாண்டுப் பொருளுக்குப் பக்கத்திலேயே இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஹென்றி டில்னி இங்கே வந்து மாவைத் தொட்டுப் பார்த்தால் நம் கட்சியில் சேர்ந்துவிடுவான்.

அப்போ 'நைஸா பேசிக் காரியத்தை முடிச்சுட்டான்', 'நைஸா நழுவிட்டான்'கிறது?

சத்தம் இல்லாமல், கொரகொரப்பு இல்லாமல் என்று எடுத்துக்கொண்டால் மாவிலிருந்து இது வெகுதூரம் இல்லை. வழவழப்பாகப் போனான், யாருக்கும் உறைக்கவில்லை. ஆனால் 'நைஸ் பண்றது', அதாவது குழைந்து பேசி வழிக்குக் கொண்டுவருவது, அதற்குப் பின்னால் இன்னொரு சொல்லின் சாயலும் இருப்பதாக நினைக்கிறேன்: நைச்சியம்.

நைச்சியம் ஆங்கில வரவு அல்ல, வடமொழி வழி வந்தது. நீசம் என்பதோடு உறவுடையது, தாழ்மை என்று பொருள். ஆழ்வார்கள் தம்மைத் தாமே தாழ்த்திக்கொண்டு பெருமாளிடம் முறையிடுவதை வைணவர்கள் நைச்சியானுசந்தானம் என்பார்கள். கோயிலில் இருந்த அந்தப் பணிவு தெருவுக்கு வந்ததும் காரியத்துக்காகக் குழைவது ஆகிவிட்டது. 'நைச்சியமாகப் பேசி நகையை வாங்கிக்கொண்டு போனான்' என்று பாட்டிமார் சொல்வார்கள். அதே வாக்கியத்தில் பேரன் 'நைஸா பேசி' என்கிறான். ஒலியும் ஒட்டுகிறது, பொருளும் ஒட்டுகிறது. பிறப்பு வேறாக இருந்தாலும் இரண்டும் நம் நாக்கில் சந்தித்துக் கை குலுக்கியிருக்கின்றன என்பது என் எண்ணம்.

நைதல், நைந்துன்னு தமிழ்லயே இருக்கே. நைஸ் தமிழ்ச் சொல்தான், வெள்ளைக்காரன் எடுத்துக்கிட்டான்னு ஒருத்தர் சொல்றார்...

நைதல் நல்ல பழந்தமிழ்ச் சொல்தான். கசங்குதல், இற்றுப்போதல், மனம் உருகுதல். துணி நைந்துவிட்டது என்கிறோம். ஒலி ஒற்றுமை காரணமாக 'நைஸா' நம் காதுக்கு அந்நியமாகப் படாமல் இருக்கலாம், அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆங்கில நைஸ் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த பாதை மேலே இரண்டாம் கேள்வியில் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் அதன் காலடி எழுத்தில் பதிந்திருக்கிறது. ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவு ஆகிவிடாது.

தமிழ்ல இப்படி ஏச்சு பாராட்டா மாறினது ஏதாவது உண்டா சார்?

உண்டு, அதுவும் நைஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. மடம் என்றால் அறியாமை. மடையன் அந்த வழிதான். ஆனால் தொல்காப்பியம் அச்சம், நாணம் இரண்டோடு மடத்தையும் சேர்த்துப் பெண்ணுக்கு உரிய பண்பு என்கிறது. பழைய உரைகாரர்கள் அதைக் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று விளக்கினார்கள், சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. கொன்றை வேந்தனில் ஔவையார் ஒளிவு மறைவே இல்லாமல் 'பேதைமை என்பது மாதர்க்கு அணிகலம்' என்றுவிட்டார். வகுப்பில் இதைச் சொன்னபோது நர்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அசடாக இருப்பது அழகு என்று பார்க்கும் கண் இருந்தால்தான் அசடு நைஸாக மாற முடியும். இங்கேயும் அங்கேயும் அந்தக் கண் ஒன்றுதான்.

இன்னொன்று வெகுளி. குறளில் அது கோபம், 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இன்றைக்கு 'பாவம், வெகுளி' என்றால் சூதுவாது தெரியாத ஆள். எதிர்ப்பக்கம் இறங்கியது நாற்றம். ஆண்டாள் 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று கேட்டபோது அது மணம், இப்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். ஏறியதை உயர்பொருட்பேறு என்றும் இறங்கியதை இழிபொருட்பேறு என்றும் மொழியியலார் சொல்வார்கள்.

ஆங்கிலத்தில் இறங்கியதற்கு நல்ல உதாரணம் 'சில்லி'. பழைய ஆங்கிலத்தில் அது பாக்கியம் பெற்றவர், இறையருள் பெற்றவர். அப்புறம் கள்ளமற்றவர், பரிதாபத்துக்குரியவர், பலவீனமானவர் என்று இறங்கி இறங்கி அசட்டில் வந்து நின்றது. நைஸ் ஏறிய படிக்கட்டில் சில்லி இறங்கி வந்திருக்கிறது.

நைஸுக்கும் சயின்ஸுக்கும் சொந்தம்னு சொன்னீங்களே, விளையாட்டுக்கா?

விளையாட்டு இல்லை. முன்னே சொன்ன 'ஸ்கிரே', அறிதல், அதிலிருந்து வந்ததுதான் சயின்ஸ். மனசாட்சியைக் குறிக்கும் 'கான்ஷியன்ஸ்', உணர்வோடு இருப்பதைச் சொல்லும் 'கான்ஷியஸ்' எல்லாம் அதே குடும்பம். மற்றவை அறிந்த பக்கம், நைஸ் மட்டும் அறியாத பக்கம்.

பிரான்ஸ்ல அதே எழுத்துல ஒரு ஊர் இருக்கு, 'நீஸ்'னு படிக்கிறாங்க. நைஸ் பிஸ்கட் அந்த ஊர்தானா?

ஊருக்கும் சொல்லுக்கும் உறவில்லை. அந்த ஊரை மார்சேயிலிருந்து வந்த கிரேக்கர்கள் 'நிக்காயா' என்று அழைத்தார்கள். கிரேக்கர்களின் வெற்றித் தெய்வமான நைக்கியின் பெயரோடு தொடர்புள்ளது அது. காலில் போடும் ஷூ கம்பெனியின் பெயரும் அந்தத் தெய்வம்தான்.

உச்சரிப்பில் ஒரு சுவை இருக்கிறது. சாசர் காலத்தில் நம் சொல்லும் 'நீஸ்' என்றே ஒலித்தது. 15-ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கிலத்தில் நெடில் உயிர்கள் வரிசையாக இடம் மாறின. 'ஈ' எல்லாம் 'ஐ' ஆனபோது நீஸ் நைஸ் ஆகிவிட்டது, எழுத்து மட்டும் பழையபடி நின்றுவிட்டது. சர்க்கரை தூவிய அந்தத் தேங்காய் பிஸ்கட் ஊர்ப் பெயரா, சொல்லா, நீஸா, நைஸா என்று பிரிட்டனில் இன்னும் சண்டை போடுகிறார்கள். நம் கடைகளில் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை. 'ஒரு நைஸ் பாக்கெட்' என்றால் கொடுத்துவிடுவார்கள்.

லினக்ஸ்ல 'நைஸ்'னு ஒரு கமாண்ட் இருக்கே, அது எந்த நைஸ்?

அன்பான நைஸ்தான், 19-ஆம் நூற்றாண்டுப் பொருள். லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஓடும் கணினியில் பல வேலைகள் ஒரே சமயத்தில் பிராசஸருக்குப் போட்டி போடும். ஒரு வேலைக்கு நைஸ் எண்ணைக் கூட்டினால் அது மற்றவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும், அதாவது நைஸாக நடந்துகொள்ளும். லினக்ஸில் எண் -20 முதல் 19 வரை, வழக்கமாக 0. எண் கூடினால் முன்னுரிமை குறையும் என்பதில்தான் எல்லாரும் தலைகீழாக மாட்டிக்கொள்கிறார்கள். பஸ்ஸில் 'நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க' என்று நிற்கிறவருக்குத்தான் சீட் கிடைக்காது, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணைக் குறைத்து முந்திக்கொள்ள வேண்டுமானால் நிர்வாகி உரிமை வேண்டும்.

'ஹி ஈஸ் டூ நைஸ்'னு என்னைப் பத்தி அப்ரைசல்ல எழுதியிருக்காங்க. சந்தோஷப்படலாமா?

முழுசாக வேண்டாம். 'டூ' சேர்ந்தால் அளவுக்கு மீறி என்று பொருள். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர், கறாராக வேலை வாங்க மாட்டார் என்கிறார்கள். 'அவன் ரொம்ப நல்லவன்பா' என்று நம் ஊரில் இழுத்துச் சொல்லும்போது என்ன தொனிக்குமோ அதுதான். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஏமாளி, அந்த ஒற்றைச் சொல் சேர்ந்ததும் லேசாக எட்டிப் பார்க்கிறான்.

புவியியல் புத்தகத்துல 'நைஸ் பாறை'ன்னு போட்டிருக்கே? வழவழன்னு இருக்கறதாலயா?

இல்லை, இது தமிழில் எழுதும்போது மட்டும் வரும் குழப்பம். ஆங்கிலத்தில் எழுத்தே வேறு, முன்னால் ஒலிக்காத ஓர் எழுத்து உண்டு. ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்களிடமிருந்து வந்த பெயர். பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, வெளுப்பும் கறுப்புமாக வரி வரியாகத் தெரியும் பாறை அது. தமிழ்நாட்டில் நிறைய இடத்தில் தோண்டினால் இதுதான் கிடைக்கும், நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிடுவதில் இதுவும் சேர்த்தி. மாவு மில்காரரிடம் இதைச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் பழைய ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றி வரி தெரிகிறதா என்று பார்த்தாராம். தெரிந்ததாம்.